சிதம்பரத்தில் படித்தவர் திருத்தந்தையிடம் சொன்ன இரண்டு வாக்கியங்கள்



2014ஆம் ஆண்டு மே மாதம். வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்தின் வெளியே, கார்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு சிறு சந்திப்பு நடந்தது. ஏறத்தாழ 70 வயதான அறிவியலாளர் ஒருவர் திருத்தந்தையின் முன் நின்றார். பேசக் கிடைத்ததோ சில நிமிடங்கள். இரண்டே வாக்கியங்களில் முடித்துக்கொள்ளுமாறு அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். பூமியைச் சூடாக்கும் மாசில் பெரும் பங்கு உலகின் வசதி படைத்த 100 கோடிப் பேரிடமிருந்து வருகிறது. அதன் கொடிய விளைவுகளைச் சுமக்கப் போகிறவர்களோ, அந்த மாசுக்கு ஏறக்குறைய எந்தக் காரணமும் ஆகாத 300 கோடி ஏழைகள்.

தாம் என்ன செய்ய வேண்டும் என்று திருத்தந்தை கேட்டார். மக்களிடம் பேசும்போதெல்லாம் பூமியின் நல்ல பராமரிப்பாளர்களாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள் என்று அந்த அறிவியலாளர் விடையளித்தார். இதைப் பிற்காலத்தில் அவரே பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் பெயர் வீரபத்திரன் இராமநாதன். சென்னையில் பிறந்த தமிழர். பொறியியல் பட்டம் பெற்றது வேறெங்கும் அல்ல, நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான்! இரயிலடிக்குக் கிழக்கே அண்ணாமலை நகர் வீதிகளில் நடந்த ஒரு மாணவர் எப்படி உலகின் முதன்மையான பருவநிலை அறிஞர்களுள் ஒருவரானார்? அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் கடலூர் மண்ணில் வாழும் நமக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? சற்றுச் சிந்திப்போம்.

முதல் மாணவன் கடைசி மாணவன் ஆனபோது

இராமநாதன் பிறந்தது 1944ஆம் ஆண்டு. தந்தை டயர் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர். சிறுவனுக்கு 11 வயதானபோது குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அதுவரை தமிழில் படித்தவர், அங்கே ஆங்கிலத்தில் நடந்த பாடங்களைப் புரிந்துகொள்ள முடியாமல் திணறினார். வகுப்பில் முன்னணியில் இருந்தவர் கடைசி வரிசைக்குப் போனார். ஆசிரியர் சொல்வதைக் கேட்டுப் படிக்கும் பழக்கம் போய், எதையும் தாமே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் கால் வைக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இன்றும் இதே தவிப்பை அனுபவிக்கிறார்கள்! அவர்களுக்கு இந்தச் செய்தி ஓர் ஆறுதல்.

1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டறிவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த வாயுவின் பெயர் குளோரோ ஃபுளோரோ கார்பன். வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காமல் செய்த அந்த வேலைதான் பின்னாளில் அவர் வாழ்வின் திருப்புமுனைக்கு விதையாயிற்று.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பை முடித்துவிட்டு 1970இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆய்வு செய்வதே அவர் எண்ணம். அவருடைய ஆசிரியர் இராபர்ட் செஸ் அதற்குள் வேறு துறைக்கு மாறியிருந்தார். வெள்ளி, செவ்வாய்க் கோள்களின் காற்று மண்டலத்தைப் பற்றி ஆராயும் துறை அது. மாணவரும் கூடவே மாறினார். 1974இல் முனைவர் பட்டம் பெற்றார்.

சன்னலை அடைத்த வாயு

அதே 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு அறிவியலாளர்கள், குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்கள் வானில் உள்ள ஓசோன் படலத்தை அழிக்கக்கூடும் என்று எச்சரித்தார்கள். அப்போது அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவில் பணியாற்றிக்கொண்டிருந்த இராமநாதன் இதை அறிந்தார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கசிந்த அதே வாயு! ஓசோனை அழிப்பது ஒருபுறம் இருக்கட்டும், இது பூமியின் வெப்பத்தை என்ன செய்கிறது என்று அவர் கணக்கிடத் தொடங்கினார்.

இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். சூரிய ஒளி பூமியைச் சூடாக்குகிறது. சூடான பூமி அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானுக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் உள்ள நீராவியும் கரியமிலவாயுவும் இந்தக் கதிர்களில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. குளிர்கால இரவில் நாம் போர்த்திக்கொள்ளும் கம்பளி போலத்தான் இது. அந்தக் கம்பளி இல்லையென்றால் பூமி உறைந்துபோகும். ஆனால் எல்லாக் கதிர்களையும் அது தடுப்பதில்லை. சில கதிர்கள் தடையின்றி வெளியேறுவதற்கு ஒரு சன்னல் திறந்தே இருக்கிறது. குளோரோ ஃபுளோரோ கார்பன் சரியாக அந்தச் சன்னலைத்தான் அடைக்கிறது. எனவேதான் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் அதன் விளைவு மிகப் பெரிது.

1975இல் இராமநாதன் இதை வெளியிட்டார். அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, ஏறத்தாழ 10,000 கரியமிலவாயு மூலக்கூறுகள் செய்யும் வேலையைச் செய்கிறது என்று தெரியவந்தது. பூமி சூடாவதற்குக் கரியமிலவாயு மட்டுமே காரணம் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். 1985இல் அவரும் வேறு மூன்று அறிவியலாளர்களும் சேர்ந்து, மீத்தேன் போன்ற பிற வாயுக்கள் அனைத்தையும் கூட்டினால் அவை கரியமிலவாயுவுக்கு ஏறக்குறைய இணையாகவே பூமியைச் சூடாக்கும் என்று காட்டினார்கள்.

இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. ஓசோனைக் காப்பதற்காக 1987இல் மாண்ட்ரீல் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. காலப்போக்கில் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. ஓசோனுக்காகச் செய்த அந்த நற்செயல், பூமி சூடாவதையும் பெருமளவு தடுத்திருக்கிறது. மனிதர் ஒன்றுகூடினால் தீமையை நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முன்னரே சொன்னவர்

1980இல் இராமநாதனும் அவருடன் பணியாற்றிய ரோலண்ட் மேடனும் துணிச்சலான ஒரு முடிவை வெளியிட்டார்கள். பூமி சூடாவது 2000ஆம் ஆண்டுவாக்கில் அளவுகளில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்றார்கள். 2001இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு தன் அறிக்கையில், கடந்த 50 ஆண்டுகளில் பூமி சூடானதற்குப் பெரும்பாலும் மனிதர் வெளியிட்ட வாயுக்களே காரணமாயிருக்கக்கூடும் என்று கூறியது. சொன்னது நடந்தது. ஆனால் தம் கணிப்பு சரியாயிற்றே என்று அவரால் மகிழ முடியுமா? 'வேண்டாம், வேண்டாம்' என்று எச்சரித்த தந்தைக்கு, மகன் விழுந்த பின் வரும் வேதனையே அவருக்கும் இருந்திருக்கும்.

1989இல் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு மேகங்களைப் பற்றி நெடுங்காலமாக இருந்த ஐயத்தையும் அவர் குழு தீர்த்தது. மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புவதும் உண்டு, வெப்பத்தைப் பிடித்து வைப்பதும் உண்டு. மொத்தத்தில் பார்த்தால் அவை பூமியைக் குளிர்விக்கின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. 1990 முதல் அவர் கலிபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

நம் கடலின் மேல் ஒரு பழுப்பு மேகம்

1999ஆம் ஆண்டு தொடக்கத்தில் இராமநாதனும், நொபெல் விருது பெற்ற பால் குருட்சனும் இந்தியப் பெருங்கடலில் மாபெரும் ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். மாலத்தீவை மையமாகக் கொண்டு விமானங்கள், கப்பல்கள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றோடு பல நாடுகளைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் பங்கேற்றனர். தூய்மையாக இருக்கும் என்று எண்ணிய கடற்காற்றில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரம்வரை பழுப்பு நிறத்தில் மாசு படர்ந்திருந்தது. அதில் விறகடுப்பு, சாண வறட்டி, பயிர்த்தட்டை ஆகியவற்றை எரித்த புகை இருந்தது. வண்டிப் புகையும் ஆலைப் புகையும் கலந்திருந்தன.

இந்தப் பழுப்பு மேகம் இரண்டு விதமாகத் தீங்கு செய்கிறது. ஒன்று, சூரிய ஒளியை மறைக்கிறது. கடலில் விழும் ஒளி குறைந்தால் நீராவி குறையும், நீராவி குறைந்தால் பருவமழையும் தளரும். மற்றொன்று, புகையில் உள்ள கரித்துகள்கள் ஒளியை உறிஞ்சிக் காற்றையே சூடாக்குகின்றன. இமயமலைப் பனி உருகுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று, ஆளில்லாச் சிறு விமானங்களைக் கொண்டு செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் அவர் குழு எடுத்துரைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில், இந்தப் பழுப்பு மேகமும் பசுமைக்குடில் வாயுக்களும் சேர்ந்து இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்திருப்பதாக அவரும் பொருளாதார அறிஞர்கள் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். வீராணம் ஏரியின் நீரையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்து நாற்று விடும் நம் உழவர்களுக்கு இதன் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கண்டுபிடிப்பை எல்லோரும் வரவேற்கவில்லை. 2002இல் ஐ.நா. அறிக்கை 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயரிட்டபோது இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பணக்கார நாடுகள் பல்லாண்டுகளாகச் சேர்த்த கரியமிலவாயுவை மறைத்து, ஏழைப் பெண்ணின் அடுப்புப் புகைமீது பழி போடுவதா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட மேகங்கள் பிற கண்டங்களிலும் உண்டு என்பதால் பெயரிலிருந்து 'ஆசிய' என்ற சொல் பின்னர் நீக்கப்பட்டது.

பாட்டியின் அடுப்பு

இராமநாதன் அந்த எதிர்ப்போடு நின்றுவிடவில்லை. சிறுவயதில் தம் பாட்டி விறகடுப்பின் முன் அமர்ந்து இருமியபடியே சமைத்ததை அவர் மறக்கவில்லை. புகையால் முதலில் பாதிக்கப்படுவது வானம் அல்ல, அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் தாயும் அவள் மடியில் இருக்கும் குழந்தையுமே. வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டுள்ளது. எனவே அடுப்பை மாற்றுவது அந்தத் தாயைக் குற்றவாளி ஆக்குவது அன்று, அவளைக் காப்பாற்றுவது. இந்த எண்ணத்தோடு அவர் 'சூர்யா' என்ற திட்டத்தைத் தொடங்கி, உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து, அதன் பயனை அளந்து பார்த்தார்.

இதன் பின்னே ஓர் அறிவியல் உண்மையும் இருக்கிறது. நாம் இன்று வெளியிடும் கரியமிலவாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்குப் பிறகும் காற்றில் தங்கியிருக்கும். மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான் இருக்கும். புகைக்கரியோ ஒருசில நாள்களிலேயே மழையோடு கீழே இறங்கிவிடும். எனவே புகைக்கரியையும் மீத்தேனையும் குறைத்தால் அதன் பயனை நம் வாழ்நாளிலேயே காணலாம். கரியமிலவாயுவைக் குறைப்பது நம் பேரப்பிள்ளைகளுக்காக. இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே அவர் நிலைப்பாடு.

வத்திக்கானில் ஒரு தமிழர்

2004இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் பாப்பிறை அறிவியல் கழகத்தின் உறுப்பினராக நியமித்தார். இந்தக் கழகத்தில் உறுப்பினராகக் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறிவியல் திறமையும் நேர்மையுமே அளவுகோல். இந்துக் குடும்பத்தில் பிறந்த இராமநாதன் அங்கே அமர்ந்து, திரு அவையின் தலைவர்களுக்குப் பருவநிலையைக் கற்பித்தார். உண்மை எங்கிருந்து வந்தாலும் அதற்குச் செவிகொடுக்கும் மனம் திரு அவைக்கு வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் அடையாளம்.

2014 மே மாதம் அவரும் பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தாவும் முன்னின்று ஏற்பாடு செய்த கருத்தரங்கின்போதுதான், நாம் முதலில் சொன்ன அந்தச் சந்திப்பு நடந்தது. அடுத்த ஆண்டு, 2015 ஜூனில், 'லௌதாத்தோ சி' என்ற 'இறைவா உமக்கே புகழ்' திருமடல் வெளிவந்தது. பூமியின் துயரும் ஏழைகளின் துயரும் ஒன்றே என்பது அதன் மையக் கருத்து. அந்த ஆண்டு இறுதியில் பாரிசில் நடந்த உலகப் பருவநிலை மாநாட்டில் திருப்பீடத்தின் குழுவிலும் இராமநாதன் இடம்பெற்றார். டைலர் விருது, ஐ.நா.வின் 'பூமியின் காவலர்' விருது, 2018இல் டாங் விருது எனப் பல சிறப்புகள் அவரைத் தேடி வந்தன.

தரவுகளையும் வரைபடங்களையும் மட்டும் காட்டினால் மக்கள் மனம் மாறாது, அதற்கு அறநெறியின் குரல் வேண்டும் என்பதை அவர் வத்திக்கானில்தான் உணர்ந்ததாகச் சொல்கிறார். அந்தக் குரலை எழுப்பிய திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்தார். குரலைக் கேட்டவர்கள் நாம் இருக்கிறோம்.

கடலூர்க் கரையிலிருந்து பார்த்தால்

கடலூர் மக்களுக்குப் பேரிடர் புதிதன்று. ஆனால் எது எதனால் வந்தது என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26இல் நம் கடற்கரையை விழுங்கிய ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் வந்தது. அதற்கும் பருவநிலை மாற்றத்திற்கும் தொடர்பில்லை. 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் போன்ற ஊர்களில் புகுந்த வெள்ளம், 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணைப் பெருக்கும் தந்த துயரம் ஆகியவை வேறு வகை. இவற்றில் ஒன்றைக் காட்டி 'இது முழுக்கப் பருவநிலை மாற்றத்தால் வந்தது' என்று சொல்லிவிட முடியாது. புயலும் மழையும் என்றும் உண்டு. ஆனால் காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைச் சுமக்கும். கடல் சூடானால் புயலுக்கு வலிமை கூடும். கடல்மட்டம் உயர்ந்தால் அலை இன்னும் உள்ளே வரும். முன்பும் வந்த புயல், இனி அதிகச் சுமையோடு வரும். உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய வெப்பநிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் சென்ற முதல் ஆண்டு 2024.

தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த முந்திரியையும் பலாவையும் நினைத்துப் பாருங்கள். மகளின் திருமணத்திற்கும் மகனின் படிப்புக்கும் அந்தத் தோப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களில் எத்தனை பேர் விமானத்தில் பறந்திருப்பார்கள்? எத்தனை பேர் வீட்டில் குளிரூட்டும் கருவி இருந்தது? இராமநாதனின் இரண்டாவது வாக்கியம் அவர்களைப் பற்றியது.

அப்படியானால் முதல் வாக்கியம்? அது எங்கோ அமெரிக்காவில், ஐரோப்பாவில் இருப்பவர்களைப் பற்றியது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஞாயிறு திருப்பலிக்கு வரும் நம்மையே சற்றுப் பார்ப்போம். காரில் வந்து இறங்குகிறவரும், தண்ணீர் புகுந்த குடிசையிலிருந்து நடந்து வருகிறவரும் ஒரே பீடத்தின் முன் மண்டியிடுகிறோம். அந்த 100 கோடியில் சேர்ந்தவரும் 300 கோடியில் சேர்ந்தவரும் நம் பங்கிலேயே அருகருகே அமர்ந்திருக்கிறோம். திருத்தந்தையிடம் சொல்லப்பட்ட அந்த இரண்டு வாக்கியங்களும் நம் ஆலயத்தின் உள்ளேயே இருக்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், எரிப்பதை நிறுத்துவோம். திருவிழா முடிந்த மறுநாள் நெகிழித் தட்டுகளையும் குவளைகளையும் ஆலயத்தின் பின்புறம் குவித்துக் கொளுத்தும் பழக்கம் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா? போகியன்று டயர் எரிப்பதும் இதே வகைதான். நிறுத்தினால் சில நாள்களிலேயே பலன் தெரியும்.

இரண்டாவதாக, நம் பங்கில் இன்னும் விறகடுப்பில் சமைக்கும் வீடுகள் எவை என்று அன்பியங்கள் வழியாகக் கேட்டறிவோம். பல வீடுகளில் எரிவாயு இணைப்பு இருக்கும், உருளை நிரப்பப் பணம் இருக்காது. வின்சென்ட் தே பவுல் சபையின் உதவிப் பட்டியலில் அரிசியோடு எரிவாயு உருளையும் இடம்பெறலாமே!

மூன்றாவதாக, வசதியுள்ளவர்கள் தேவைக்கு மேல் செலவிடும் மின்சாரத்தையும் எரிபொருளையும் குறைத்துக்கொள்வோம். பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடும்போது உள்ளே இருக்கும் வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் முறையாக அகற்றச் சொல்வோம். இராமநாதன் தம் முதல் வேலையில் தடுக்க முயன்ற அதே கசிவுதான் இது.

நான்காவதாக, வரப்போகும் புயலுக்கு ஆயத்தமாவோம். 2024 மே மாதம் வத்திக்கானில் நடந்த கருத்தரங்கில் இராமநாதனும் பிறரும் வலியுறுத்தியது இதைத்தான். மாசைக் குறைத்தால் மட்டும் போதாது, ஏழைகள் தாக்குப்பிடிக்கும் வலிமையையும் வளர்க்க வேண்டும். பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடுகள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆழிப்பேரலையின்போது மரங்கள் அடர்ந்த கரைக்குப் பின்னே இருந்த ஊர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டன என்று கடலூர் மாவட்டத்திலேயே நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வு காட்டியது. அலையைத் தடுத்த மரம் புயலையும் தாங்கும். நம் ஆலய வளாகங்களும் பள்ளிக் கட்டடங்களும் புயல் நாள்களில் சமயம் பாராமல் எல்லாருக்கும் திறந்திருக்கின்றனவா, அங்கே குடிநீரும் விளக்கும் ஆயத்தமாக இருக்கின்றனவா என்று பங்குப் பேரவைகள் மழைக்காலத்திற்கு முன்பே பார்த்துக்கொள்ளட்டும்.

அன்பார்ந்தவர்களே, ஏதேன் தோட்டத்தை இறைவன் மனிதரிடம் கொடுத்தது அனுபவிப்பதற்காக மட்டும் அன்று, பேணிக் காப்பதற்காகவும்தான். சிதம்பரத்தில் படித்த ஒருவர் தம் அறிவை அந்தக் காவல் பணிக்காகச் செலவிட்டார். உலகின் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்றில் நின்றபோதும் அவர் தமக்காக எதையும் கேட்கவில்லை, ஏழைகளுக்காகப் பேசினார். நமக்கும் சில நிமிடங்கள் கிடைக்கும். ஊராட்சிக் கூட்டத்தில், பங்குப் பேரவையில், வீட்டில் பிள்ளைகளோடு உண்ணும் வேளையில். அப்போது நாம் சொல்லப்போகும் இரண்டு வாக்கியங்கள் எவை?

சிந்திப்போம். செயல்படுவோம். படைப்பின் இறைவன் நம் கரையையும் நம் ஏழைகளையும் காப்பாராக!